டாக்டர் மாலர் இந்தியாவில் கற்ற பாடம்

உலக சுகாதார நிறுவனம் என்றதும் ஜெனீவா நகரம்தான் நம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் அந்த நிறுவனத்தின் வட்டார அலுவலகங்களில் முதலாவதாகத் தோன்றியது நம்ம டெல்லியில்தான், 1949 ஜனவரியில். 1961ல் உலக சுகாதாரப் பேரவையே டெல்லிக்கு வந்து கூடியது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். இந்தச் செய்திகளை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இவற்றைவிடப் பெரிய தொடர்பு ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநராக 1973 முதல் 1988 வரை பதினைந்து வருஷம் இருந்தவர் டென்மார்க் நாட்டு டாக்டர் ஹாஃப்டான் மாலர். "2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு" என்று சுவரெங்கும் எழுதி வைத்திருந்தார்களே, அந்த முழக்கத்தின் பின்னால் நின்றவர் அவர்தான். ஜெனீவாவின் நாற்காலியில் உட்காரும் முன்பு அவர் ஏறக்குறைய பத்து வருஷம் இருந்தது இந்தியாவில். அவருடைய தலைமையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் இல்லை. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, டெல்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாக மருந்து மொத்த வியாபாரம் செய்து வருபவன். தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சுகாதார இதழ்களும் அறிக்கைகளும் எடைக்கு எடை கிடைக்கும். அப்படி வாங்கிப் படித்தது கொஞ்சம், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டது கொஞ்சம். வியாபாரி என்பதால் எதையும் வரவு செலவாகப் பார்க்கும் பழக்கமும் உண்டு.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

மாலர் பிறந்தது 1923 ஏப்ரல் 21ஆம் தேதி, டென்மார்க்கில் விவில்ட் என்ற சிற்றூரில். தந்தையார் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த போதகர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 1948ல் மருத்துவப் பட்டம் பெற்றார். உள்ளூரிலேயே கிளினிக் வைத்துக்கொண்டு சௌகரியமாக இருந்திருக்கலாம். அவர் புறப்பட்டதோ தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டுக்கு. அங்கே செஞ்சிலுவைச் சங்கத்தின் காசநோய் ஒழிப்பு வேலையை நடத்தினார். 1951ல் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். அப்போது வயது 28.

அன்றைய இந்தியாவின் நிலைமையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946ல் தந்த அறிக்கைப்படி, நாட்டில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருந்தார்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள். இவ்வளவு பேருக்கும் சேர்த்து மருத்துவமனைகளில் இருந்த படுக்கைகளோ ஏறக்குறைய 6,000! எங்க ஊர்ப் பக்கம் 'க்ஷயம்' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். 'மார்ச்சளி' என்று மழுப்புவார்கள். தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பேர் இருப்பதிலிருந்து, அந்த நோயும் அந்தச் சிகிச்சையும் நம் மக்கள் வாழ்க்கையில் எவ்வளவு ஊறிப்போயிருந்தன என்று தெரிந்துகொள்ளலாம்.

மாலர் முதலில் ஈடுபட்டது பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கத்தில். ஊசிக்கான மருந்து சென்னை கிண்டியில் 1948 முதலே தயாராகி வந்தது. குழு குழுவாக ஊர் ஊராகப் போய் லட்சக்கணக்கானவர்களுக்குப் பரிசோதனை செய்து ஊசி போட்டார்கள். எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1955ல் ராஜாஜியே இந்த ஊசியை எதிர்த்து எழுதினார். அது அரசாங்கத்துக்குப் பெரிய சங்கடமாயிற்று.

சென்னையும் பெங்களூரும்

இந்தக் காலகட்டத்தில் நம் தென்னாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டையும் தமிழர்கள் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமை. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றப் பிரிவினர் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து அதே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். அரைவயிற்றுக் கஞ்சி, கூலி வேலை எல்லாம் பழையபடியே.

ஒரு வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தால், சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது; வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம். ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் இல்லாமல் போயிற்று. வீட்டில் வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. இந்த முடிவு 1959ல் வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. குணமாக்கியது மாத்திரை, கட்டடமும் கட்டிலும் இல்லை என்று நிரூபித்தவர்கள் நம் சென்னை ஏழைகள்!

இரண்டாவது, பெங்களூரில் 1959ல் உருவான தேசிய காசநோய் நிறுவனம். மைசூர் மகாராஜா கொடுத்த பங்களாவில் அமைந்த அதை 1960 செப்டம்பரில் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அரசாங்கத்தின் காசநோய் ஆலோசகர் டாக்டர் பி.வி. பெஞ்சமினோடு சேர்ந்து இது உருவாக உழைத்தவர்களில் மாலர் முக்கியமானவர். அங்கே வைத்தியர்களோடு புள்ளியியல்காரர்களும் சமூகவியல்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அந்தக் காலத்துக்கு அது புதுமை.

அவர்கள் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். அதுவரை அதிகாரிகள் என்ன சொல்லிவந்தார்கள்? "கிராமத்து ஜனங்களுக்கு விவரம் பத்தாது, இருமலை அலட்சியம் செய்வார்கள், தேடிப் போய்த்தான் பிடிக்கணும்" என்று. ஆய்வில் தெரிந்ததோ வேறு. காசநோய் கண்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று உணர்ந்திருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் வைத்தியம் தேடி வெளியே போயும் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு பாட்டில் இருமல் மருந்து! சளியைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. டாக்டர் டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் இதை 1963ல் வெளியிட்டார்கள். குறை ஜனங்களிடம் இல்லை, கவுண்ட்டருக்கு உள்ளே நிற்பவரிடம் இருக்கிறது என்று ஆயிற்று.

சென்னையும் பெங்களூரும் தந்த இந்தப் பாடங்களின் மேல்தான் 1962ல் தேசிய காசநோய்த் திட்டம் எழுந்தது. மாவட்டத்துக்கு ஒரு மையம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளிப் பரிசோதனை. வீட்டிலிருந்தே இலவச மாத்திரை. தனிப் படை கட்டி ஒரு நோயைத் துரத்தாமல், இருக்கிற சாதாரண ஆஸ்பத்திரியைச் சரியாக இயங்கச் செய்வதே அதன் வழி.

ஜெனீவா நாற்காலி

1962ல் மாலர் ஜெனீவா சென்று காசநோய்ப் பிரிவின் தலைவரானார். 1964ல் வெளியான நிபுணர் குழு அறிக்கை, இந்தியாவில் உருவான முறையை ஒட்டியே உலகுக்கு வழி சொன்னது. 1970ல் உதவித் தலைமை இயக்குநர். 1973ல் தலைமை இயக்குநர். அப்போது வயது 50.

அவருக்கு முன்பு இருபது வருஷம் அந்தப் பதவியில் இருந்தவர் பிரேசில் நாட்டு டாக்டர் கண்டாவ். அந்தக் காலத்தின் பெரிய முயற்சி மலேரியா ஒழிப்பு. 1955ல் ஆரம்பித்து, டி.டி.டி. அடித்து, கோடிக்கணக்கில் செலவழித்து, கடைசியில் 1969ல் உலகம் முழுவதும் ஒழிப்பது இப்போதைக்கு நடவாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தனிப்படை போன பிறகு கிராமத்தில் நிலையாக ஒரு சுகாதார ஏற்பாடு இல்லாவிட்டால் நோய் திரும்பி வந்துவிடும் என்பதை மாலர் கண்ணால் பார்த்தவர்.

ஆகவே அவர் கேள்வியையே மாற்றினார். இந்த நோயை எப்படி ஒழிப்பது என்பதோடு நிற்காமல், இந்தக் குடும்பத்துக்கு வைத்தியம் ஏன் எட்டவில்லை என்று கேட்டார். 1977ல் உலக சுகாதாரப் பேரவை 2000ஆம் ஆண்டை இலக்காக வைத்துத் தீர்மானம் போட்டது. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் யூனியனின் கஜகஸ்தான் பகுதியில் உள்ள அல்மா-ஆட்டா நகரில், 134 நாட்டு அரசுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். யுனிசெஃப் கூட்டுப் பொறுப்பேற்றது. சுகாதாரக் கல்வி, சத்துணவு, நல்ல தண்ணீர், தாய்சேய் நலம், தடுப்பூசி, வட்டார நோய்த் தடுப்பு, சாதாரண நோய்களுக்குச் சிகிச்சை, அத்தியாவசிய மருந்து என்ற எட்டும் சேர்ந்ததே ஆரம்ப சுகாதாரம் என்று அந்த மாநாட்டின் பிரகடனம் வகுத்தது.

இதில் ஒரு விஷயத்தைச் சிலர் தப்பாகவே புரிந்துகொண்டார்கள். 2000ல் யாருக்கும் நோயே வராது என்று மாலர் சொல்லவில்லை. வீட்டிலும் பள்ளியிலும் வேலை செய்யும் இடத்திலும் நலவாழ்வு தொடங்க வேண்டும், தேவையான வைத்தியம் எல்லோருக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம்.

மருந்துப் பட்டியல்

இனி என் தொழிலைத் தொட்ட சங்கதிக்கு வருகிறேன். எங்க மார்க்கெட்டில் மருந்தின் மூலப்பொருளை 'சால்ட்' என்போம். ஒரே சால்ட், அறுபது கம்பெனி, அறுபது பேர், அறுபது விலை. பத்துக்கு ஒண்ணு இலவசம் என்று ஸ்கீம் வேறு. எந்த டப்பா அதிகம் ஓடும் என்பதை நோய் மட்டுமா தீர்மானிக்கிறது? ஸ்கீமும் தீர்மானிக்கிறது என்பது கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

மாலர் 1975ல் இந்தப் பிரச்சினையைப் பேரவை முன் வைத்தார். ஏழை நாடுகள் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் கொஞ்சப் பணத்தில் பெரும்பகுதி தேவையில்லாத மருந்துகளுக்கே போய்விடுகிறது என்பது அவர் வாதம். 1977ல் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வந்தது. இருநூறு மருந்துகள் சுமார். கம்பெனிப் பெயர் கிடையாது, சால்ட் பெயர்தான். அதே 1975ல் நம் நாட்டில் ஹாத்தி குழுவும் நூற்றுச் சொச்சம் மருந்துகள் போதும் என்று சொல்லியிருந்தது குறிப்பிடத்தக்கது.

பலன் உடனே வரவில்லை, பிறகு வந்தது. 1994ல் டெல்லி அரசு டாக்டர் ரஞ்சித் ராய் சௌத்ரியின் வழிகாட்டலில் இப்படியொரு பட்டியலை ஏற்றது. அதே ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றியது. பட்டியல் போட்டு, டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்கி, தரம் பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்து வரவு வைக்கும் முறை அது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகும் அளவுக்குப் பேர் எடுத்தது. எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு இதனால் லாபம் குறையலாம். குறையட்டுமே! ஆகாரம், அபயம், சாஸ்திரம், ஔஷதம் என்று எங்கள் சமயம் நான்கு தானங்களைச் சொல்கிறது. ஔஷதம் ஒருவனுக்கு எட்டாத விலையில் இருந்தால், எவ்வளவு தானம் செய்துதான் ஈடுகட்ட முடியும்?

வந்த எதிர்ப்பு

பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1981ல் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புட்டிப்பால் மாவை விளம்பரம் செய்து விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிமுறை பேரவைக்கு வந்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டுப் போட்டது அமெரிக்கா ஒன்றுதான். அன்று நிறுவனத்தின் பட்ஜெட்டில் நான்கில் ஒரு பங்கு அந்த நாட்டுப் பணம். 1980களின் நடுவில் அமெரிக்கா தன் பங்கைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது. மருந்துத் திட்டத்தின் மேல் இருந்த அதிருப்தியும் அதற்கு ஒரு காரணம் என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். மாலர் பட்டியலைக் கைவிடவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா அந்த நிறுவனத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தபோது எனக்கு அந்தப் பழைய கதைதான் நினைவுக்கு வந்தது.

நண்பர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. அல்மா-ஆட்டா திட்டம் அகலம் அதிகம், செலவு அதிகம், ஆகவே பலன் நிச்சயமாகத் தெரிந்த நாலைந்து காரியங்களை மட்டும் பிடிப்போம் என்றார்கள். யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் அந்த வழியில் போனார்: குழந்தையின் எடை பார்த்தல், உப்பு சர்க்கரைக் கரைசல், தாய்ப்பால், தடுப்பூசி. இதனால் ஏராளமான குழந்தைகள் பிழைத்தன என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் துண்டு துண்டாகச் செய்தால் கிராமத்து ஆஸ்பத்திரி என்றைக்கும் வளராது என்று மாலர் எச்சரித்தார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது.

வரவும் பற்றும்

மாலரின் கணக்கில் பற்றுப் பக்கமும் உண்டு. அவர் வாலிபத்தில் முன்னின்று நடத்திய பி.சி.ஜி. ஊசியைச் சோதிக்க, 1968ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். அவருடைய நிறுவனமே அதற்குத் துணை நின்றது. அவர் தலைமைப் பதவியில் இருந்தபோதே, 1979ல், முடிவு வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளுக்குப் பயன் உண்டு என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். முடிவு பாதகமாக வந்தும் அது மறைக்கப்படவில்லை என்பதை நான் வரவில்தான் எழுதுவேன்.

எய்ட்ஸ் விஷயத்தில் அவர் முதலில் தவறினார். 1985ல் ஆப்பிரிக்காவில் பேசும்போது அதைவிட மலேரியாவே பெரிய ஆபத்து என்ற முறையில் சொன்னார். மறு வருஷமே, தான் அந்த நோயைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாகப் பத்திரிகைக்காரர்கள் முன் வெளிப்படையாகச் சொன்னார். அதோடு நிற்காமல் டாக்டர் ஜோனாதன் மேன் தலைமையில் தனித் திட்டம் ஒன்றையும் அமைத்தார். பெரிய பதவியில் இருப்பவர்கள் இப்படிச் சொல்வது அபூர்வம்.

இன்னொரு வேடிக்கை. தனிப்படை முறையில் அவ்வளவு நம்பிக்கை இல்லாத அவர் காலத்தில்தான் தனிப்படை முறையின் மகத்தான வெற்றியும் கிடைத்தது. 1975 மே மாதம் இந்தியாவில் கடைசியாக ஒருவருக்குப் பெரியம்மை கண்டது; 1980 மே மாதம் பேரவை அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென்று அறிவித்தது.

சரி, 2000ஆம் ஆண்டு என்னவாயிற்று? 1983ல் வந்த நம் தேசிய சுகாதாரக் கொள்கை, 2000ல் ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை மரணம் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. 2000ல் இந்தியாவின் கணக்கு 68. கேரளம் 14க்கு வந்துவிட்டது, தமிழ்நாடு 51. நாடு முழுவதும் பார்த்தால் இலக்கை எட்டவில்லை என்பது உண்மை. ஆனால் 1970களில் இது 130ஐ ஒட்டி இருந்தது என்பதும் உண்மை. 2023ல் 25. மாலர் பங்கெடுத்த காசநோய்த் திட்டமும் அப்படித்தான். மாத்திரை ஒழுங்காகப் போய்ச் சேராமல், பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளமாகி, 1990களில் அதைத் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. திட்டம் எழுதியவர்கள் சொன்ன சளிப் பரிசோதனையும் இலவச மாத்திரையும் பல இடங்களில் காகிதத்திலேயே நின்றன.

எங்கள் தொழிலில் தவணை தவறிய கடனை வாராக்கடன் என்று உடனே அடித்துவிட மாட்டார்கள். வாங்கியவன் ஒப்புக்கொண்டிருக்கிறானா என்று பார்ப்பார்கள். அல்மா-ஆட்டாவில் 134 அரசாங்கங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஏழைக்கு வைத்தியம் தருவது தர்மம் என்றிருந்ததை, அரசாங்கங்கள் பட்ட கடன் என்று எழுதி வாங்கியதுதான் மாலர் செய்த பெரிய காரியம். 2018ல் அதே கஜகஸ்தானில், அஸ்தானா நகரில், நாடுகள் கூடி அந்தப் பத்திரத்தைப் புதுப்பித்தன. அதைப் பார்க்க அவர் இல்லை. 2016 டிசம்பர் 14ஆம் தேதி, 93ஆம் வயதில், ஜெனீவாவில் காலமானார்.

சென்னை சேத்துப்பட்டில் அந்தப் பழைய மையம், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. அதன் இயக்குநராக இருந்த டாக்டர் சௌம்யா சுவாமிநாதன் 2019ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியானார். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் குடும்பங்கள் மெரினாவைக் காட்டுவதோடு, ஒரு நாள் அந்தக் கட்டடத்தையும் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்தாவது காட்டலாம். பெயர் தெரியாத 193 சென்னைவாசிகள் உலகத்துக்கே வைத்தியம் சொன்ன இடம் அது.